‘நன்றாக எரிந்த’: ஒரு சட்ட அட்டவணையும் தோட்டத்துச் சாம்பலும்

பைராம் தோட்டத்தில் எங்கள் பாட்டி மண் அடுப்பு போட்டதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் கேஸ் அடுப்பு இருந்தது. கொல்லையில் வெந்நீர் வைக்கவும் பொங்கல் வைக்கவும் மண் அடுப்புதான் வேண்டும் என்பார். புற்றுமண்ணை இடித்துச் சலித்து, தண்ணீர் விட்டு ஒரு நாள் ஊற வைப்பார். மறுநாள் மிதிக்கும்போது இரண்டு கை உமியை அள்ளிப் போடுவார். கிரியான் வயல்கள் எங்களுக்குப் பக்கம்தான், உமிக்குப் பஞ்சமில்லை. “இது எதுக்குப் பாட்டி?” என்று கேட்டேன். “உமி போடலன்னா மொத நாளு நெருப்புலயே வெடிச்சிரும்டா” என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

பல ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு ஆய்வுக்காக 100 மில்லிமீட்டர் கான்கிரீட் கட்டி ஒன்றை மின்சூளையில் வைத்திருந்தேன். முந்நூறு டிகிரி தாண்டியதும் உள்ளே ‘டம்’ என்று ஒரு சத்தம். கதவைத் திறந்தபோது கட்டியின் ஒரு மூலையே இல்லை. உள்ளே சிக்கிய நீராவி வெளியேற வழி இல்லாமல் வெடித்திருக்கிறது என்று விரிவுரையாளர் விளக்கினார். தப்பிக்க வழி என்ன என்று கேட்டேன். “சூட்டில் உருகிப் போகிற மெல்லிய நாரைக் கலவையில் போட வேண்டும். நார் போன இடத்தில் ஆவி வெளியேறும்” என்றார். அன்றிரவு விடுதியில் படுத்திருந்தபோதுதான் பாட்டியின் இரண்டு கை உமி ஞாபகம் வந்தது.

நான் வரலாறு படித்தவன் இல்லை. கட்டடத் துறையில் வேலை பார்க்கும் பொறியாளன். ஆனால் வேலைக்காக அடிக்கடி புரட்டும் ஒரு சட்ட அட்டவணை என்னை வரலாற்றுக்குள் இழுத்துவிட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு

தீபகற்ப மலேசியாவில் எந்தக் கட்டடம் கட்டினாலும் 1984 ஆம் ஆண்டின் சீரான கட்டட துணைச்சட்டங்களுக்கு உட்பட வேண்டும். 1974 ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் வந்தவை இவை. அதன் ஒன்பதாவது அட்டவணை, எந்தச் சுவர் எவ்வளவு நேரம் தீயைத் தாங்கும் என்று வரிசைப்படுத்துகிறது. அங்கே கான்கிரீட்டில் போடும் ஜல்லியை இரண்டு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்.

முதல் வகுப்பில் இருப்பவை: நுரைத்த உலைக்கசடு, எரிமலை நுரைக்கல், இரும்பு ஊதுலைக் கசடு, உருண்டையாக்கிய நிலக்கரிச் சாம்பல், உடைத்த செங்கலும் சுட்ட களிமண் பொருட்களும், ‘நன்றாக எரிந்த’ கிளிங்கர், உடைத்த சுண்ணாம்புக்கல். இரண்டாம் வகுப்பில் இருப்பவை: சிக்கிமுக்கிக்கல் சரளை, கருங்கல், சுண்ணாம்புக்கல் தவிர்த்த மற்ற இயற்கைக் கற்கள்.

முதல் தடவை படித்தபோது திரும்பப் படித்தேன். பினாங்குத் தீவே ஒரு கருங்கல் மலை. நம் ஊர்க் கான்கிரீட்டில் பெரும்பாலும் விழுவது கருங்கல் ஜல்லிதான். அது இரண்டாம் வகுப்பு! உலையில் மிஞ்சியதும், உடைந்ததும், எரிந்து முடிந்ததும் முதல் வகுப்பு. பட்டியலில் உள்ள ஏழில் இரண்டுதான் இயற்கையாகத் தோண்டி எடுப்பவை. மற்றவை வேறு ஒரு தொழிலின் கழிவு, அல்லது ஏற்கனவே நெருப்பில் வெந்த மண்.

இதைப் படித்துவிட்டு யாரும் தன் அடுக்குமாடி வீட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இரண்டாம் வகுப்பு என்றால் ஆபத்து என்று பொருள் இல்லை. அதே நேரம் தீயைத் தாங்குவதற்குச் சுவர் கூடுதல் தடிமனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பிரிவினை எங்கிருந்து வந்தது? ‘நன்றாக எரிந்த’ என்ற அந்த இரண்டு சொற்களை யார், எதற்காகச் சேர்த்தார்கள்? ஒரு சட்டத்தில் பெயரடை சும்மா வராது. எங்கோ ஒருவர் சூடுபட்டிருக்க வேண்டும்.

நிபோங் மரத்திலிருந்து செங்கல்லுக்கு

எங்கள் ஊரின் பெயரே கட்டடப் பொருளின் பெயர். நிபோங் என்பது சதுப்பு நிலத்தில் அடர்ந்து வளரும் ஒரு பனை வகை. தெபால் என்றால் மலாயில் அடர்த்தி, தடிமன். 1786 இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் இறங்கியபோது கார்ன்வாலிஸ் கோட்டைக்கு முதலில் எழுப்பிய வேலி இந்த நிபோங் மரத்தால் ஆனது. அந்தக் காலத்து ஜார்ஜ் டவுன் முழுக்க மரமும் அத்தாப்பு ஓலையும். ஒரு பொறி பட்டால் ஒரு தெருவே போகும். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கோட்டை செங்கல்லுக்கு மாறியது. அந்த வேலையில் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருந்தது. சிங்கப்பூரில் 1822 இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டம் போட்டபோது கடைவீடுகள் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக இருக்க வேண்டும் என்று விதித்ததற்கும் தீ ஒரு காரணம். இன்றைக்கும் ஜார்ஜ் டவுனில் இரண்டு கடைவீடுகளுக்கு நடுவே நிற்கும் தடித்த செங்கல் சுவர், பக்கத்து வீட்டுத் தீ நம் வீட்டுக்கு வராமல் தடுக்கும் சுவரும்கூட.

அந்தச் சுவர்களை ஒட்டிய காரை எது? கிளிஞ்சலையோ பவளப்பாறையையோ சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. தமிழ்நாட்டிலிருந்து வந்த கொத்தர்களுக்கும் கைதிகளுக்கும் அது கைவந்த வேலை. கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர் 1899 இல் வெளியிட்ட நூலில் ‘மெட்ராஸ் சுண்ணம்’ பூசும் முறையை விவரித்திருக்கிறார். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, முரட்டுச் சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். சிங்கப்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர் இப்படிப் பூசப்பட்டது.

அதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது சுர்க்கி. உடைந்த செங்கல், வேகாத செங்கல், பானை ஓடு எல்லாவற்றையும் பொடியாக்கிச் சுண்ணாம்பில் கலப்பது. இந்தியா முழுக்க இந்த வழக்கம் இருந்தது. 1895 இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் காரை சுண்ணாம்பும் சுர்க்கியும்தான். சூளையில் வீணானது காரைக்குள் போய்ப் பலம் சேர்த்தது. ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலை வைத்துச் செய்ததை நம் கொத்தர்கள் ஓட்டுப்பொடியை வைத்துச் செய்தார்கள். வேதியியல் ஒன்றுதான்.

சுண்ணாம்பு பொங்கும் கதை

அந்த வேதியியலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் ஏன் தீயைத் தாங்க உதவுகிறது என்பது புரியாது.

சிமெண்டுடன் தண்ணீர் சேரும்போது இரண்டு பொருள் உருவாகிறது. ஒன்று, கான்கிரீட்டுக்குப் பலம் தரும் பசை. இன்னொன்று, வெற்றிலைக்குத் தடவுகிற அதே நீற்றுச் சுண்ணாம்பு. கெட்டியான சிமெண்டுக் கூழில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்தச் சுண்ணாம்புதான். அது பலத்துக்குப் பெரிதாக உதவாது, சும்மா உட்கார்ந்திருக்கும்.

தீ வந்தால் சும்மா இருக்காது. நானூறிலிருந்து ஐந்நூறு டிகிரி செல்சியஸுக்குள் அதிலிருக்கும் நீர் பிரிந்து, சுட்ட சுண்ணாம்பாக மாறிவிடும். தீயணைப்பு வீரர்கள் தண்ணீர் அடிக்கும்போது என்ன ஆகும்? சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று வீட்டுக்கு வெள்ளையடித்தவர்களுக்குத் தெரியும். கொதிக்கும், வீங்கும். அதே வீக்கம் கான்கிரீட்டின் உள்ளேயே நடக்கும். தீயில் நின்ற சுவர் தீ அணைந்த பிறகு விரிசல் விடுவதற்கு இது ஒரு காரணம். தண்ணீரே அடிக்காவிட்டாலும், காற்றின் ஈரத்தை உறிஞ்சி நாள் கழித்து விரிசல் வரும்.

கருங்கல்லுக்கு வேறு பிரச்சினை. அதிலிருக்கும் குவார்ட்ஸ் என்ற படிகம் 573 டிகிரியில் அமைப்பு மாறித் திடீரென்று பருக்கும். கல் பருக்கிறது, சுற்றியிருக்கும் சிமெண்டுக் கூழோ காய்ந்து சுருங்குகிறது. இரண்டும் எதிரெதிராக இழுத்தால் கட்டு விடாமல் என்ன செய்யும்? செங்கல் ஏற்கனவே சூளையில் தொள்ளாயிரம் டிகிரி பக்கம் வெந்து வந்தது. அதனால் தீயில் அதற்குப் பெரிய அதிர்ச்சி இல்லை. முதல் வகுப்புக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவே இருக்கும் கோடு பெரும்பாலும் இதுதான்.

இனி சாம்பலுக்கு வருவோம். நிலக்கரிச் சாம்பல், உமிச் சாம்பல், செம்பனைச் சாம்பல், சுர்க்கி எல்லாவற்றிலும் சிலிக்கா உண்டு. அந்தச் சிலிக்கா சும்மா இருக்கும் சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் பசையாக மாறுகிறது. தீ வந்து கெடுப்பதற்கு அங்கே சுண்ணாம்பு குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும். ஓட்டுப்பொடி கலந்த கொத்தரும் இதைத்தான் செய்தார். சமன்பாடு மட்டும் அவரிடம் இல்லை.

நியூயார்க்கின் கரிக்கட்டி

கழிவைப் போட்ட கான்கிரீட் தீயைத் தாங்குமா என்று முறையாகச் சோதித்த முதல் பெருநகரங்களில் ஒன்று நியூயார்க். 1890களில் அங்கே இரும்புச் சட்டகம் போட்ட உயரமான கட்டடங்கள் எழுந்தன. மாடித் தளத்துக்குக் கனமில்லாத ஒரு பொருள் தேவைப்பட்டது. நகரத்தின் அத்தனை பாய்லர்களும் நிலக்கரி எரித்து, கரிக்கட்டியை மலை மலையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. அதை ஜல்லிக்குப் பதிலாகப் போட்டார்கள். விலை மலிவு, எடை குறைவு. ஆனால் எரிந்து மிஞ்சியதை வைத்து எரியாத வீடு கட்டலாம் என்றால் யார் நம்புவார்கள்? ஓட்டுக்கல் தளம் விற்றவர்களோ போட்டியாளர்கள்.

1896 இல் நகரக் கட்டடத் துறை சோதனைகளைத் தொடங்கியது. பிறகு கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஐரா வுல்சன் அந்த வேலையைத் தொடர்ந்தார். சோதனை கடுமையானது. தளத்தின் மேல் பாரத்தை ஏற்றி, கீழே நான்கு மணி நேரம் நெருப்பு மூட்டி, சுமார் 925 டிகிரி சராசரி வெப்பத்தில் வைத்திருந்து, உடனே குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். அந்தத் தண்ணீர் அடி ஏன் முக்கியம் என்பது சுண்ணாம்புக் கதையைப் படித்தவர்களுக்குப் புரியும். கரிக்கட்டிக் கான்கிரீட் தாங்கியது. 1931 இல் திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் தளங்களிலும் அது இருக்கிறது. 1918 இல் அமெரிக்கா கொண்டுவந்த தீச்சோதனைத் தரமும் இப்படிப்பட்ட சோதனைகளின் வழி வந்ததுதான்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. பாய்லரில் வரும் கரிக்கட்டி எல்லாம் முழுதாக எரிந்தது இல்லை. சிலதின் உள்ளே எரியாத கரி கறுப்பாக மிஞ்சியிருக்கும். லண்டனில் 1897 இல் தொடங்கிய தீத்தடுப்புக் குழு போன்ற அமைப்புகளின் காலத்தில், எரிவாயு ஆலைகளில் கழிவாக வந்த கோக் தூள் போட்ட கான்கிரீட்டைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்தது. எரியாத கரி நிறைய இருந்தால் சுவரே தீக்கு விறகாகிவிடும். தீ வராவிட்டாலும் அந்தக் கரி ஈரத்தில் ஊறிப் பருத்துச் சுவரைப் பிளக்கும்.

‘நன்றாக எரிந்த’ என்ற பெயரடை இந்த அனுபவத்தின் மிச்சம். பிரிட்டனில் 1932 இல் பி.எஸ். 476 என்ற தீச்சோதனைத் தரமும், 1935 இல் எல்ஸ்ட்ரீயில் சோதனை நிலையமும் வந்தன. பிறகு அவர்களுடைய கட்டட விதிகளில் இந்த வகுப்புப் பட்டியல் இடம்பிடித்தது. நாம் சட்டம் எழுதியபோது பட்டியல் அப்படியே கப்பலேறி வந்துவிட்டது. இது நிலக்கரி யுகத்து இங்கிலாந்தின் கழிவுப் பட்டியல். ஊதுலைக் கசடு அவர்கள் ஊர்க் கழிவு. கோக்கும் கிளிங்கரும் அவர்கள் ஊர்க் கழிவு. நம் ஊர்க் கழிவு எங்கே?

கருப்பா, சாம்பக் கலரா?

தென் செபராங் பிறை 19 ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டம். தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் வெட்டிய கரும்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர், பிறகு செம்பனை. பயிர் மாற மாறக் கழிவும் மாறியது.

செம்பனை ஆலை தன் எரிபொருளைத் தானே வைத்திருக்கிறது. குலையிலிருந்து எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் நாரும் ஓடும் பாய்லருக்குப் போகின்றன. 100 டன் குலைக்கு நாரும் ஓடுமாக ஏறக்குறைய 20 டன் தேறும். அது எரிந்தால் அதில் ஐந்து விழுக்காடு, அதாவது ஒரு டன், சாம்பல். நாட்டில் சுமார் 450 ஆலைகள். அந்தச் சாம்பலை என்ன செய்வது? பெரும்பாலும் ஆலைக்குப் பின்னால் கொட்டினார்கள்.

அதைச் சிமெண்டுக்குப் பதிலாகப் போட்டுப் பார்த்த ஆரம்ப கால ஆய்வுகளில் ஒன்றை 1990 இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த டே ஜூ ஹுவா வெளியிட்டார். 1990களில் ஜொகூரிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதைத் தொடர்ந்தது. 2011 இல் அதே பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், சிமெண்டில் 20 விழுக்காட்டுக்குப் பதிலாகச் செம்பனைச் சாம்பல் போட்ட கான்கிரீட்டை 800 டிகிரி வரை சூடாக்கிப் பார்த்தார்கள். சாதாரணக் கான்கிரீட்டோடு ஒப்பிட்டால் சாம்பல் போட்டது தன் பலத்தைக் கூடுதலாகத் தக்கவைத்தது. எங்கள் நிபோங் தெபாலில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் மெகாட் அஸ்மி மெகாட் ஜொகாரி குழுவினர் 2012 இல் வேறொரு வழி காட்டினார்கள். சாம்பலை அரைத்து, 500 டிகிரி வாக்கில் மறுபடி சூடாக்கி எரியாத கரியைப் போக்கி, மேலும் மாவாக அரைத்தார்கள். அப்படிச் செய்த சாம்பலைச் சிமெண்டில் 60 விழுக்காடு வரை மாற்றிப் போட்டும் உயர்பலக் கான்கிரீட் கிடைத்தது.

எரியாத கரி! நியூயார்க்கிலும் லண்டனிலும் படுத்திய அதே பேய். நிலக்கரிச் சாம்பலில் எரியாமல் மிஞ்சியது ஆறு விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று அமெரிக்கத் தரம் சொல்கிறது. ஆலையிலிருந்து நேராக அள்ளிய செம்பனைச் சாம்பல் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும்.

இதை எனக்கு முதலில் சொன்னது எந்த ஆய்வுக் கட்டுரையும் இல்லை. இறுதியாண்டு ஆய்வுக்குச் சாம்பல் அள்ள ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். பாய்லரில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒரு மாமா, கோணிப்பையைக் கையில் வாங்கிக்கொண்டே கேட்டார். “எது வேணும் தம்பி? கருப்பா, சாம்பக் கலரா?” வித்தியாசம் என்ன என்றேன். “கருப்பா இருந்தா அது சாம்பல் இல்ல, எரியாம போன கரி. மழைக்காலத்துல நாரு ஈரமா வந்தா அப்படித்தான் விழும். நீ வெயில் நாளு சாம்பல எடுத்துக்க.” எரியாத கரி எவ்வளவு என்று நான் பிறகு ஆய்வுக்கூடத்தில் மூன்று நாள் செலவழித்து அளந்தேன். அவர் கண்ணாலேயே சொல்லிவிட்டார். என் ஆய்வேட்டின் நன்றியுரையில் ஆய்வகப் பணியாளர் வரை எல்லார் பெயரும் இருக்கிறது. அந்த மாமாவின் பெயர் இல்லை. கேட்டு எழுதிக்கொள்ள எனக்கு அன்று தோன்றவில்லை.

அவர் இன்னொன்றும் காட்டினார். பாய்லரின் அடியில் சாம்பலும் எரியாததும் உருகி ஒட்டி, ஓட்டை ஓட்டையாகக் கட்டிகட்டியாகக் கிடக்கும். தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். மழைக்குப் பள்ளம் விழுந்த மண் சாலையில் அதைத்தான் கொட்டி நிரவுவார்கள். சைக்கிளில் விழுந்தால் முட்டியைக் கிழித்துவிடும். ஆங்கிலத்தில் அதன் பெயர் செம்பனைக் கிளிங்கர்.

சட்ட அட்டவணைக்குத் திரும்பிப் போங்கள். ‘நன்றாக எரிந்த கிளிங்கர்’ முதல் வகுப்பு. எதை எரித்த கிளிங்கர் என்று அங்கே சொல்லவில்லை. எழுதியவர்கள் மனத்தில் நிலக்கரிதான் இருந்திருக்கும். எழுத்தில் நிலக்கரி இல்லை. எங்கள் முட்டியைக் கிழித்த கட்டிக்கு ஒருவேளை பினாங்குக் கருங்கல்லைவிட மேலான இடம் கிடைக்கலாம்.

கட்டி வேறு, சுவர் வேறு

‘கிடைக்கலாம்’ என்றுதான் சொல்கிறேன். இங்கேதான் நான் பொறியாளனாகப் பேச வேண்டும்.

நம் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வுகளில் பெரும்பாலும் சூடாக்குவது என்னுடையதைப் போன்ற சிறிய கட்டிகளை. மெதுவாகச் சூடாக்கி, ஆறவைத்து, நசுக்கிப் பார்ப்போம். உண்மைத் தீ அப்படி வராது. ஐ.எஸ்.ஓ. 834 என்ற உலகத் தரத்தின்படி சோதனைச் சூளை அரை மணி நேரத்தில் 842 டிகிரியையும், ஒரு மணி நேரத்தில் 945 டிகிரியையும் தொட வேண்டும். சுவரின் ஒரு பக்கம் மட்டும் எரியும், மறுபக்கம் குளிர்ந்திருக்கும். மேலே பாரம் இருக்கும். கட்டி தாங்கியது என்பதால் சுவர் தாங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது, போடவும் கூடாது.

சாம்பலை அதிகம் நம்பினாலும் ஆபத்து உண்டு. மிக நுண்ணிய சாம்பல் கான்கிரீட்டின் துளைகளையெல்லாம் அடைத்துவிடும். பலம் கூடும், மழைநீர் புகாது. ஆனால் தீ வந்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி இருக்காது. 1996 நவம்பர் 18 அன்று இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலான கடலடிச் சுரங்கத்தில் ஒரு சரக்கு ரயில் எரிந்தது. அரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமனுள்ள கான்கிரீட் வளையங்கள் அடுக்கடுக்காகச் சிதறி, சில இடங்களில் சில சென்டிமீட்டர்தான் மிஞ்சியது. பலமான, அடர்த்தியான கான்கிரீட்தான் அது. அடர்த்தியே அங்கே வினையானது.

அதற்குப் பிறகுதான் நார் பற்றிய பேச்சு பலமாகக் கேட்டது. பாலிபுரொப்பிலீன் நார் 160, 170 டிகிரியில் உருகிவிடும். உருகிய இடம் ஆவிக்கு வழி. உயர்பலக் கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு இரண்டு கிலோ போடுவதை ஐரோப்பிய விதி ஒரு தீர்வாக ஏற்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பழைய டயரிலிருந்து பிரித்தெடுத்த நூலை வைத்தே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். டயரை அரைத்து ரப்பரைப் பிரித்தபின் குப்பைக்குப் போகும் பஞ்சு அது.

பாட்டியின் அடுப்பிலும் நடந்தது இதுதான். உமி கருகி, மண்ணுக்குள் நுண்ணிய வழிகளை விட்டுப் போகும். ஈரம் அந்த வழியாக வெளியேறும். உமி மண்ணைப் பிடித்து வைத்திருப்பதால் காயும்போதும் விரிசல் பரவாது. இதைச் சொல்லி ‘நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள்’ என்று மார்தட்ட நான் வரவில்லை. பாட்டிக்கு அடுப்பு தெரியும், சுரங்கம் தெரியாது. ஆனால் எரிந்து போகிற ஒன்றைக் கலவைக்குள் வைத்தால் மிச்சம் பிழைக்கும் என்பது அவர் கைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கையை யாரும் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிடவில்லை.

உமிக்கும் அப்படி ஒரு கதை உண்டு. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி, உமியை எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. நம் வீடுகளில் உமிக்கரியால் பல் துலக்கினோம். 1970களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்த பி.கே. மேத்தா, உமியை அளவான சூட்டில் எரித்தால் அருமையான சிமெண்டுக் கலவைப் பொருள் கிடைக்கும் என்று காட்டிக் காப்புரிமையும் பெற்றார். சூடு மிஞ்சினால் சிலிக்கா படிகமாகி மந்தமாகிவிடும், குறைந்தால் கரி மிஞ்சும். இங்கேயும் ‘நன்றாக எரிந்த’ என்பதுதான் விஷயம்.

பைராம் என்ற பெயர்

ஆய்வுக்காகப் படித்த நாட்களில் ‘பைராம்’ என்று தேடிப் பார்த்தேன். சர்வதேச ஆய்விதழ்களில் எங்கள் ஊர்ப் பெயர் நிறைய இடத்தில் வருகிறது. சாம்பலுக்காக இல்லை, குப்பையின் கசிவுநீருக்காக. பினாங்கு மாநிலத்தின் குப்பை வந்து சேரும் பூலாவ் பூரோங் குப்பைமேடு, பைராம் வனக் காப்பகத்துக்குள் இருப்பதாக அக்கட்டுரைகள் அறிமுகம் செய்கின்றன. தீவின் குப்பை பாலத்தையும் கடலையும் தாண்டி எங்கள் பக்கம் வருகிறது.

2022 ஜனவரியில் அந்தக் குப்பைமேடு தீப்பிடித்தது. வாரக்கணக்கில் புகைந்தது. சுற்றுவட்டார மக்கள் சிலரை வேறிடம் மாற்ற வேண்டி வந்தது. குப்பைமேட்டுத் தீ வீட்டுத் தீ மாதிரி கொழுந்துவிட்டு எரிந்து அடங்காது. காற்றுப் பற்றாமல் உள்ளுக்குள்ளேயே கனிந்துகொண்டிருக்கும். மேலே தண்ணீர் அடித்தாலும் அடியில் போய்ச் சேராது. நன்றாக எரிந்தது சாம்பலாகிவிடும், எரிந்தும் எரியாததுதான் நஞ்சாகப் புகையும். அம்மா ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் சொருகி வைத்திருந்தார். தொலைபேசியில் பேசியபோது, “நீ இந்தக் கழிவுதானே படிச்ச? இதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?” என்று கேட்டார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

இப்போதும் முழு பதில் இல்லை. குப்பைமேட்டுக்கு வருவதில் பெரும்பகுதி சாப்பாட்டுக் கழிவு. அதைக் கான்கிரீட்டில் போட முடியாது. கட்டட இடிபாட்டுச் செங்கல், டயர், ஆலைச் சாம்பல் என்று பிரித்து எடுக்கக் கூடியவை ஒரு பங்குதான். பிரித்தால்தான் அவை பொருள். பிரிக்காமல் கொட்டினால் தீக்குத் தீனி. இவ்வளவுதான் நான் அம்மாவுக்குப் பிறகு சொன்ன பதில். அவருக்கு அது போதவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

ஆனால் ஒரு காரியம் செய்ய முடியும். செம்பனைக் கிளிங்கரும் சாம்பலும் போட்ட கல்லால் ஒரு முழுச் சுவர் கட்டி, அதைத் தரமான சூளையில் இரண்டு மணி நேரம் எரித்துப் பார்க்கலாம். அது ஒரு மாணவனின் இறுதியாண்டுப் பணத்தில் நடக்கிற வேலை இல்லை. நியூயார்க் தன் கரிக்கட்டியை நம்பியது நகரமே சூளை கட்டிச் சோதித்த பிறகுதான். அங்கே ஒரு நகரம் செய்ததை இங்கே ஓர் ஆலைத் தொழில் செய்ய முடியாதா? சுவர் தாங்கினால் அட்டவணையில் ஒரு வரி கூடும். தாங்காவிட்டால் ஏன் என்று தெரியும். இரண்டில் எது நடந்தாலும், ‘ஆலைக்குப் பின்னால் கொட்டுவது’ என்ற பெயரிலிருந்து அது விடுபட்டுவிடும்.

என் ஆய்வில் வெடிக்காமல் பிழைத்த கட்டி ஒன்றை நசுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். இருபது விழுக்காடு சாம்பல் போட்டது. வெயில் நாள் சாம்பல். இப்போது கொல்லைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அம்மா அதை முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தப் பாய்லர் மாமாவைத் தேடிப் பார்க்க வேண்டும். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.